கூரை இல்லாத வண்டி

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் யந்திரம் ஒன்று இருக்கிறது. 'டிஷ்வாஷர்' என்று சொன்னால்தான் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. ஆகவே நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். 2025-ஆம் வருஷம் கோடையில் ஒரு நாள் ராத்திரி அது வழக்கம்போல் இரண்டரை மணி நேரம் ஓடி நின்றது. காலையில் கதவைத் திறந்து பார்த்தால் தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு போட்டபடியே இருந்தது. தண்ணீர் சூடாகவே இல்லை. பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுதும் குழம்புச் சட்டியைக் குளிப்பாட்டி விட்டு, வேலை முடிந்ததென்று அது விளக்கை அணைத்துக் கொண்டிருந்தது.

ஒரு யந்திரம் கெட்டுப் போனதைப் பற்றிக் கட்டுரை எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். யந்திரங்கள் கெடத்தான் செய்யும். ஆனால் அதைச் சரி செய்யப் புறப்பட்ட நான், யந்திரத்தைப் பற்றி அல்லாத சில விஷயங்களைத் தெரிந்து கொண்டு திரும்பி வந்தேன். அவற்றில் கடைசி விஷயம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனிக்குத் தகவல் சொன்னோம். இரண்டு வருஷ உத்தரவாதம் முடிந்து மூன்று வருஷம் ஆகிவிட்டதென்று முதலில் அவர்கள் எங்களுக்கு ஞாபகப்படுத்தினார்கள். பிறகு ஓர் இளைஞரை அனுப்பினார்கள். கெட்டிக்காரப் பிள்ளை. யந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்து, அடித்தகட்டைக் கழற்றி, பத்து நிமிஷத்தில் வியாதியைச் சொல்லிவிட்டார்.

"ஹீட்டர் போயிடுச்சு ஸார்."

"ஹீட்டர்தானே? மாற்றிவிடுங்கள்."

"ஹீட்டர் தனியா வராது ஸார். பழைய மாடல்லே கம்பி மாதிரி தனியா இருக்கும். இதிலே பம்புக்குள்ளேயே வெச்சிருக்காங்க. மாத்தினா பம்பு, மோட்டார், ஹீட்டர் எல்லாம் சேர்த்துத்தான் மாத்தணும்."

"மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது?"

"அருமையா ஓடுது ஸார்" என்றார் அவர். அவருக்கே அது வருத்தமாக இருந்தது போலத் தோன்றிற்று.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. நாங்கள் வைத்திருக்கும் மாடலைத் தயாரிப்பது நின்று போய்விட்டதாம். அந்த மாடலுக்கான பம்பு கைவசம் இல்லை. எப்போது வரும் என்றும் சொல்வதற்கில்லை. பழைய யந்திரத்தைக் கொடுத்துப் புதியது வாங்கிக் கொண்டால் விலையில் கொஞ்சம் தள்ளித் தருவார்கள்.

எங்கள் வீட்டில் இட்லிக்கு மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றும் இருக்கிறது. கோயம்புத்தூர்ச் சரக்கு. என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வாங்கியது. அதற்கு இருபது வயசுக்கு மேல் ஆகிறது. இதுவரை இரண்டு தடவை பெல்ட் அறுந்திருக்கிறது; ஒரு தடவை மோட்டாருக்குக் காயில் கட்டியாயிற்று; கல்லைப் பல தடவை கொத்தியாயிற்று. பெல்ட்டுக்காக நான் எந்தக் கம்பெனிக்கும் எழுதியதில்லை. தெருமுனையில் உள்ள மின்சாமான் கடையில் அறுந்த பெல்ட்டைக் காட்டினால், கடைக்காரர் ஆணியில் தொங்கும் மாலைகளிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து விடுகிறார். கோவைக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அது அந்த ஊருக்குப் பெருமைதான். ஆனால் ஊர் ஊராகக் கிடைக்கிற அந்தப் பெல்ட்தான் அதைவிடப் பெரிய பெருமை என்பது என் அபிப்பிராயம். செய்தவர்கள் அதைச் செய்யும்போதே, இது ஒரு நாள் கெடும், கெட்டால் எவனாவது ஒருவன் இதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். வாங்குகிறவனை அவர்கள் மதித்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

புதிதாக வாங்குவதற்கு முன்னால் விலை விசாரிக்கலாமென்று ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கே டிஷ்வாஷர்கள் வரிசையாக நின்றன. மூன்று படி. கீழ்ப்படியில் உள்ளது பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவும், இரண்டு தட்டுகள். நடுப்படியில் உள்ளது பதின்மூன்று பேருக்கு. பாதிப் பாத்திரம் மட்டும் போட்டுக் கழுவ ஒரு பொத்தான் அதிகம். மேல்படியில் உள்ளது பதினான்கு பேருக்கு. கரண்டிகளுக்கென்று மூன்றாவது தட்டு. கைபேசியிலிருந்தே அதை ஓட்டலாம். விலை படிக்குப் படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஏறிக் கொண்டே போயிற்று. விற்பனையாளர் ஓர் அட்டவணையை என் கையில் கொடுத்தார். வரிசைக்கு வரிசை சரியடையாளமும் கோடுமாக இருபதுக்கும் மேற்பட்ட அம்சங்களை ஒப்பிட்டிருந்தார்கள்.

"இதில் எதற்கு எத்தனை வருஷம் உதிரி பாகம் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். "அந்தக் காலம் இதிலே இல்லை சார்" என்றார்.

அவர் 'காலம்' என்று சொன்னது அட்டவணையின் பத்தியை. எனக்கோ வேறு அர்த்தத்திலும் அது சரியாகவே பட்டது.

அந்தப் பத்தி வேறு சில தேசங்களில் இருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் 1-ஆம் தேதி முதல் அமலில் இருக்கும் விதிப்படி, டிஷ்வாஷர் செய்கிறவர்கள் ஒரு மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் அதன் மோட்டார், பம்பு, ஹீட்டர் போன்றவற்றை ஏழு வருஷமும், கதவின் கீல், ரப்பர், தண்ணீர் தெளிக்கும் கைகள், உள்தட்டுகள் ஆகியவற்றைப் பத்து வருஷமும் கொடுத்தாக வேண்டும். கேட்ட பதினைந்து வேலை நாட்களுக்குள் அனுப்பவும் வேண்டும். நம் தேசத்திலும் 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்ற விஷயத்தை ஆராய ஒரு குழுவை நியமித்தது; வீட்டு உபயோக யந்திரங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. அந்த வருஷம் டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் தொடங்கப்பட்டது. ஆனால் யோசனை வேறு, கட்டாயம் வேறு அல்லவா?

இதெல்லாம் சட்டத்தின் விஷயம். நான் தர்மத்தின் விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து அந்த மெக்கானிக் இளைஞரை மறுபடி கூப்பிட்டேன். இம்முறை அவர் கம்பெனியின் சார்பில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையன்று, தம் சொந்தப் பொறுப்பில் வந்தார். கதவின் முன்பலகையைக் கழற்றி எனக்கு ஒன்றைக் காண்பித்தார். எங்களுடையது கீழ்ப்படி மாடல். வெளியே இரண்டு பொத்தான்கள்தான். ஆனால் உள்ளே இருக்கும் மின்பலகையில் மூன்றாவது பொத்தானுக்கும் இடம் இருந்தது. வெளியே பிளாஸ்டிக்கில் துளை மட்டும் போடவில்லை.

"பாதிப் பாத்திரம் கழுவுற பொத்தான் ஸார். பெரிய மாடலுக்கும் இதே போர்டுதான்."

"அப்படியானால் அந்தப் பொத்தானை வைக்காததால் அவர்களுக்கு என்ன மிச்சம்?"

"ஒண்ணும் மிச்சம் இல்லே ஸார். வெச்சுட்டா பெரிய மாடலை யார் வாங்குவாங்க?"

நியாயமான பதில்தான். ஆனால் இந்தப் பதிலை அவருக்கு 170 வருஷங்களுக்கு முன்னாலேயே ஒருவர் சொல்லியாயிற்று. ஜூல் துப்புயி என்று ஒரு பிரெஞ்சுக்காரர். பாலங்களும் சாலைகளும் கட்டிய இன்ஜினீயர். 1849-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் அந்தக் காலத்து ரயில்களின் மூன்றாம் வகுப்பு வண்டிகளைப் பற்றிப் பேசுகிறார். அந்த வண்டிகளுக்குக் கூரை கிடையாது. பெஞ்சுகளுக்கு மெத்தை கிடையாது. ஏழைகள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போக வேண்டும். கம்பெனிக்குக் கூரை போடப் பணம் இல்லையா? அதுவல்ல காரணம் என்கிறார் அவர். கூரை போடுவது பெரிய செலவே அல்ல. கூரையைப் போட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவன் மூன்றாம் வகுப்பிலேயே ஏறிவிடுவான். அவனைப் பயமுறுத்துவதற்காகத்தான் ஏழையை நனைய விடுகிறார்கள். ஏழையின் மேல் அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவன் நனைவது மேலே இருக்கிறவன் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு மகாத்மா காந்தியின் ஞாபகம் வந்தது. 1917-இல் அவர் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு பேருக்கு என்று எழுதியிருந்த பெட்டி. ஏறியவர்களோ அதைவிட அதிகம். அழுக்கையும் நெருக்கத்தையும் அவர் விவரிப்பது இருக்கட்டும். அவர் போடும் கணக்குதான் முக்கியம். முதல் வகுப்புக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கை மூன்றாம் வகுப்புப் பிரயாணி கொடுக்கிறான். சௌகரியத்தில் அவனுக்குப் பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்பது அவர் கேள்வி. நம் ரயில்களில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் எடுக்கப்பட்டு விட்டது. பெயரை எடுப்பது சுலபம்.

துப்புயி சொன்ன அந்தத் தந்திரம் ரயிலோடு நின்றுவிடவில்லை. 1990-இல் ஐ.பி.எம். கம்பெனி நிமிஷத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் யந்திரம் ஒன்றை விற்றுக் கொண்டிருந்தது. விலை குறைவாக இன்னொன்றையும் கொண்டு வந்தது. அது நிமிஷத்துக்கு ஐந்து பக்கம் அச்சிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே யந்திரம்தான். இரண்டாவதில் கூடுதலாக ஒரு சில்லு இருந்தது. அந்தச் சில்லுக்கு வேலை என்ன தெரியுமா? யந்திரத்தைக் காத்திருக்கச் செய்வது! காசு செலவழித்து மெதுவாக்கினார்கள். பொருளாதார அறிஞர்கள் இத்தகைய சரக்குகளுக்குச் 'சேதப்படுத்தப்பட்ட பண்டங்கள்' என்றே பெயர் வைத்து விட்டார்கள்.

இங்கே எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். படிகள் இருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கடையில் அந்த விற்பனையாளர் கேட்டார்: "கம்மி விலைக்கு வாங்கறவங்களுக்கும் மிஷின் கிடைக்கணும் இல்லையா சார்?" கிடைக்கத்தான் வேண்டும். நானே கீழ்ப்படியை வாங்கியவன்தானே? ஒரே டாக்டர் பணக்காரரிடம் ஐந்நூறும் ஏழையிடம் ஐம்பதும் வாங்கினால் நாம் அவரைக் கைகூப்பித் தொழுகிறோம். அதுவும் படிதான். மேல்படிக்காரன் கொடுக்கும் அதிக விலையால் கீழ்ப்படிக்காரனுக்குப் பொருள் எட்டுகிறது என்றால், அதை எதிர்ப்பதற்கு எனக்கு வாய் இல்லை.

ஆனால் அந்த டாக்டர், ஐம்பது ரூபாய் கொடுத்தவனுக்கு வேண்டுமென்றே கசப்பு கூட்டி மருந்து கலந்தால்? ஐந்நூறு கொடுக்கக் கூடியவன் ஐம்பது ரூபாய் வரிசையில் வந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தால்? அப்போது நாம் என்ன சொல்வோம்?

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குறைந்த விலைக்குக் குறைந்த பொருளைக் கொடுப்பது வியாபாரம். தகரத்தின் விலைக்குத் தகரம், பித்தளையின் விலைக்குப் பித்தளை. அதில் ஒருவருக்கும் அவமானம் இல்லை. ஆனால் கொடுப்பதற்குக் கையில் இருந்தும், கொடுத்தால் தனக்கு நஷ்டம் ஏதும் இல்லாதபோதும், இன்னொருவன் தான் உயர்ந்தவன் என்று உணர வேண்டும் என்பதற்காக ஒருவனுக்குக் குறைத்துக் கொடுப்பது வேறு. அங்கே விற்கப்படுவது கூரையோ பொத்தானோ அல்ல, மற்றவனின் குறைதான்.

பழுது பார்க்க விடாமல் செய்வது இதற்கும் ஒரு படி மேலே போகிறது. பொத்தான் இல்லை என்பது வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் ஹீட்டரைத் தனியாகக் கழற்ற முடியாது, மாடல் நின்ற மறுகணமே பம்பும் நின்றுவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விற்று முடித்த பிறகு விற்றதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக் கொள்வது போன்றது இது. நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக் கொண்டு வருவார். அம்மி கொத்துகிறவர் வருவார். குடை ரிப்பேர் செய்கிறவர் வருவார். ஒரு பொருள் என்னுடையது என்றால், அது கெட்டபோது எனக்கு இஷ்டமானவரைத் தெருவிலிருந்து கூப்பிட்டு அதைச் சரி செய்து கொள்ளலாம் என்பதும் அதில் அடக்கம். அந்த உரிமை இல்லாவிட்டால் நான் சொந்தக்காரன் அல்ல. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்ட வாடகைக்காரன்.

இவ்வளவு தூரம் யோசித்து, என் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற திருப்தியோடு இருந்தேன். அநியாயம் செய்தவர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள் என்பதைப் போலச் சுகமான எண்ணம் வேறில்லை.

அந்த மெக்கானிக் இளைஞர் ஒரு யுக்தி சொன்னார். உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்றால், மேல்படி மாடலின் பம்பும் இதற்குப் பொருந்தத்தானே வேண்டும்? எண்தான் வேறாக இருக்கும். பழைய பம்பைத் துணிப்பையில் போட்டுக் கொண்டு நாங்கள் இருவரும் மவுண்ட் ரோடை ஒட்டியிருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். மூன்று கடையில் கையை விரித்தார்கள். நான்காவது கடையில் இருந்த பெரியவர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முனைகளை எண்ணினார், ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "இதே சாமான் பெரிய மிஷினுக்கு வருது. எண்ணிலே கடைசி மூணு எழுத்துதான் வேறே. சொல்லி வெக்கிறேன், வர ஒரு மாசம் ஆகும்" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பொழுது எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த இளைஞருக்கு இரண்டு தடவை காபி வாங்கிக் கொடுத்தேன்.

சரி, அந்த ஒரு மாசம் பாத்திரங்களை யார் தேய்ப்பது?

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் ஓர் அம்மாள் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துக் கொண்டிருந்தார். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அவரால் வர முடியவில்லை. முதல் இரண்டு மாசம் முழுச் சம்பளமும் கொடுத்தோம், மூன்றாவது மாசம் பாதி கொடுத்தோம், பிறகு கொடுக்கவில்லை. அந்த வருஷம் பல வீடுகளில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. டிஷ்வாஷர் வாங்கினோம். ஊரடங்கு தளர்ந்து அவர் திரும்பி வந்தபோது பாத்திர வேலை இல்லை. பெருக்கித் துடைக்க மட்டும் பாதிச் சம்பளத்துக்கு வரச் சொன்னோம். வந்தார்.

இந்த யந்திரம் பிறந்த கதையிலேயே வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் ஜோஸபின் காக்ரன் என்று ஒரு சீமாட்டி இருந்தார். அவருடைய பரம்பரைப் பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் கழுவும்போது விளிம்பு உடைந்துவிடுகிறது என்று கோபித்துக் கொண்டுதான் அவர் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார் என்பார்கள். 1883-இல் கணவர் கடனை வைத்துவிட்டு இறந்து போனார். கோபத்தோடு தொடங்கிய யோசனை, அதன் பிறகு வயிற்றுப்பாடாகிவிட்டது. தட்டுகளின் அளவுக்குக் கம்பியால் அறைகள் கட்டி, அவற்றை ஒரு செப்புக் கொப்பரைக்குள் வைத்து, சோப்புத் தண்ணீரைப் பீச்சியடிக்கும் யந்திரத்தை அமைத்தார். 1886 டிசம்பர் 28-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் அது பரிசு பெற்றது. ஆனால் வாங்கியவர்கள் ஹோட்டல்காரர்களே. குடும்பங்கள் வாங்கவில்லை, விலை அதிகம், அவ்வளவு வெந்நீருக்கும் வீடுகளில் வழியில்லை. 1913-இல் அந்த அம்மையார் காலமானார். அவர் தொடங்கிய கம்பெனியை ஹோபார்ட் நிறுவனம் 1926-இல் வாங்கிக் கொண்டது. அதன் 'கிச்சன்எய்ட்' என்ற பெயரில் வீட்டு டிஷ்வாஷர் வெளிவந்தது 1949-இல்தான்.

வேலைக்காரர்களின் கையை நம்பாமல் இருப்பதற்காகப் பிறந்த யந்திரம் எங்கள் வீட்டில் நின்று போனவுடனே, நாங்கள் யாரைக் கூப்பிட்டோம்? அந்த அம்மாளைத்தான்.

என் மனைவி கேட்டாள்: "மிஷின் ரிப்பேர். கொஞ்ச நாளைக்குப் பாத்திரமும் தேய்ச்சுக் குடுக்கறியா?"

"எத்தினி நாளைக்கும்மா?"

"பார்ட்ஸ் வர்ற வரைக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டு பாத்திரங்களின் முன்னால் உட்கார்ந்து விட்டார். அவருக்கு முழங்கால் வலி; கீழே உட்காருவதற்குச் சுவரைப் பிடித்துக் கொண்டார். நான் கூடத்தில் பேப்பர் படித்துக் கொண்டிருந்தேன். அந்த ஒரு கேள்வி பேப்பரைத் தாண்டி வந்து என் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

கடையில் நான் யந்திரத்துக்காகக் கேட்டது என்ன? எத்தனை வருஷத்துக்கு உதிரி பாகம் கிடைக்கும் என்று கேட்டேன். அந்தப் பத்தியே இல்லையே என்று வருத்தப்பட்டேன். அவர் கேட்டது எத்தனை நாள் என்று. அவருக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பத்தி இல்லை. யந்திரத்துக்கு உதிரி பாகம் கிடைக்காதபோது அந்த இடத்தில் அவரை வைத்தோம். பம்பு வந்ததும் கழற்றி வைத்துவிடுவோம். தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென நலவாரியம் ஒன்று 2007-இலேயே ஏற்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் வேலை செய்தவரை, அதில் பதிந்திருக்கிறாரா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. டிஷ்வாஷரின் உத்தரவாத அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன்.

இதோடு போயிருந்தால்கூட நான் சமாதானம் செய்து கொண்டிருப்பேன். அன்று அவர் வேலை முடிந்ததும் என் மனைவி காபி கொடுத்தாள். எப்போதும் கொடுப்பதுதான்; அதில் எங்கள் வீட்டில் குறை வைத்ததில்லை. பின்பக்கத்து ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அதை அவரே எடுத்து நீட்டினார், காபியை ஊற்றினாள், குடித்துவிட்டு அவரே குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வருஷக் கணக்காக நடந்து வருகிற காரியம். வருஷக் கணக்காக நான் பார்த்து வருகிற காரியம்.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் எனக்குத் தட்டுப்பட்டது. டிஷ்வாஷரோடு ஒரு கையேடு வந்தது. எதையெல்லாம் அதில் போடக் கூடாது என்று அதில் ஒரு ஜாபிதா உண்டு: இரும்புச் சட்டி, அலுமினியம், மரக்கரண்டி. எவர்சில்வர் அந்த ஜாபிதாவில் இல்லை. ஆயினும் ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த டம்ளர் டிஷ்வாஷருக்குள் போனதில்லை. போடாதே என்று யாரும் யாருக்கும் சொன்னதும் இல்லை. எழுபது டிகிரி வெந்நீரில் எல்லா எச்சிலும் ஒன்றாகப் போய்விடுகிறது என்பது எங்களுக்குத் தெரியாதா? உள்ளே இடம் இல்லையா? அதே கடையில், அதே விலைக்கு, எங்கள் டம்ளர்களோடு சேர்த்து வாங்கிய டம்ளர் அது. அதைத் தனியாக வைப்பதால் எங்களுக்கு ஒரு காசு மிச்சம் இல்லை.

ஒன்றும் மிச்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையன்று அந்த இளைஞர் சொன்ன அதே வார்த்தை! துப்புயி சொன்ன அதே கூரை! நாங்கள் அந்த அம்மாளின் மேல் கோபமாகவா இருந்தோம்? இல்லவே இல்லை. பண்டிகைக்குப் புடைவை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம். ஆனால் ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருப்பதனால்தான் அலமாரியில் இருப்பவை எங்கள் டம்ளர்கள் ஆகின்றன. கம்பெனிக்காரன் லாபத்துக்காகச் செய்ததை நாங்கள் லாபம்கூட இல்லாமல் செய்து கொண்டிருந்தோம். அவனையாவது வியாபாரி என்று மன்னிக்கலாம்.

மறுநாள் காலையில் அவர் காபி குடித்து முடித்ததும் நான் எழுந்து போய் டம்ளரை வாங்கிக் கொள்ளக் கையை நீட்டினேன். "கழுவி வெச்சுர்றேன் சார்" என்று அவர் கையைப் பின்னால் இழுத்துக் கொண்டார். நான் விடாமல் நின்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு சின்னப் பாத்திரத்தை வைத்துக் கொண்டு மூன்று பேரும் சங்கடப்பட்டு நின்றோம். கடைசியில் அவர் கொடுத்துவிட்டார். நான் அதைக் கழுவி அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைத்தேன். அடுத்த நாள் அவர் தண்ணீர் கேட்டபோது என் மனைவி அலமாரியைத் திறந்தாள். எல்லாம் ஒரே மாதிரி டம்ளர். எது அவருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. மத்தியான வேளைகளில் அந்த டம்ளர்களில் ஒன்று மறுபடி ஜன்னல் திட்டுக்குப் போய்விடுவதை நான் சில தடவை பார்த்தேன். யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை, அவரே வைத்திருக்கலாம். ஒருவரைப் பதினாறு வருஷம் கூரையில்லாத வண்டியில் உட்கார வைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் உள்ளே வா என்று கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன அதிகாரம்?

நாற்பத்தொன்றாம் நாள் பம்பு வந்தது. மேல்படி மாடலின் பம்பு எங்கள் கீழ்ப்படி யந்திரத்தில் ஒரு திருகாணி பாக்கியில்லாமல் பொருந்தியது. தண்ணீர் சூடாயிற்று. தட்டுகள் பளபளவென்று வெளியே வந்தன. பழுது பார்க்க முடியும், பழுது பார்க்க விட வேண்டும் என்ற என் வாதம் ஜெயித்தது. அதை நான் இன்றும் விடவில்லை. கம்பெனிகள் பாகங்களைத் தர வேண்டும். சர்க்கார் அதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் முன்போல் உயரவில்லை. பம்பு வந்த அன்று அந்த அம்மாளிடம், பாத்திர வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சம்பளம் இனிக் குறையாது என்று சொன்னோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. 2020-இன் மூன்றாவது மாசத்தை அவர் மறந்திருப்பார் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்? "சரிங்க சார்" என்றார். பிறகு, தாம் பக்கத்துத் தெருவில் இன்னொரு வீடு ஒப்புக் கொண்டிருப்பதாகவும், இனிக் காலையில் மட்டுந்தான் வர முடியும் என்றும் சொன்னார்.

"எத்தனை நாளாக?" என்று கேட்டேன்.

"போன மாசமே சொல்லிட்டேன் சார். பார்ட்ஸ் வந்துரும்னு அம்மா சொன்னாங்களே."